முதுகு காட்டும் மேய்ப்பர்

மழைக்காலத்துச் சாயங்காலம் ஒன்றில், ஆட்டுப் பட்டியின் வாசலை அடைக்கும் படல் காற்றில் முறிந்துபோனது. வேறு படல் பின்ன நேரமில்லை. மேய்ப்பர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, படல் இருந்த வழியில் தானே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே நின்ற வெள்ளாட்டுக்கு அது பிடிக்கவில்லை.

"வழியை அடைச்சுக்கிட்டு எப்படி உட்கார்ந்திருக்கான் பாரு! இதுக்குப் பேரு காவலா? நம்மளைக் காவல்ல வச்சிருக்கான்னு சொல்லு," என்றது.

மேய்ப்பரின் முதுகை ஒட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த செம்மறி, "அவர் நம்மளைக் காக்கிறவர்," என்றது.

"காக்கிறவனா? வந்ததுல இருந்து ஒரு தடவையாவது நம்ம பக்கம் திரும்பினானா? முதுகைத்தானே காட்டிக்கிட்டிருக்கான். நான் கிளம்புறேன். அவன் பக்கத்துல இருக்கிற இடுக்கு எனக்குப் போதும்."

வெள்ளாடு ஓசையில்லாமல் போய், மேய்ப்பரின் தோளோரமாகத் தலையை வெளியே நீட்டியது.

எதிர்ப் புதரடியில் இரண்டு நரிகள் காதை நிமிர்த்தியபடி உட்கார்ந்திருந்தன. மேய்ப்பர் கண்ணை எடுக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு அவர் கையில் இருந்தது.

நீட்டிய தலையை வெள்ளாடு மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

"என்ன, போகலையா? உன்னைத் திரும்பிப் பார்த்துட்டாரா?" என்று கேட்டது செம்மறி.

"நல்லவேளை, அவர் திரும்பவே இல்ல," என்றது வெள்ளாடு. "கொஞ்சம் தள்ளிப் படு. அந்த முதுகுல எனக்கும் இடம் வேணும்."