மூடாத வால்வு

"ஒரு வால்வை மூடலை. அவ்வளவுதான் சார் விஷயம். அதுக்கு நான் காலையிலேர்ந்து எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

எதிரே கால்பந்துப் பயிற்சியாளர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முழங்கால்வரை சேறு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'விசில்'. இருபத்தாறு வருடமாக ஊதி ஊதி, பேசினாலும் பாதி காற்றுதான் வரும்.

"தப்புதாங்க மேடம்."

இன்றைக்குப் பெண்கள் கால்பந்து இறுதியாட்டம். சொந்த மைதானம். தரை காய்ந்திருந்தால் பாய்ந்து விழுகிற கோல்கீப்பருக்கு முழங்கை உரிந்துவிடும் என்று, முதல் நாள் சாயங்காலம் கோல் முன்னால் தண்ணீர் விடுவது அவர் வழக்கம். கால் மணி நேரம் விட்டு மூடிவிடுவார். நேற்று மூடவில்லை. காலையில் வந்து பார்த்தால் மைதானம் குளம்.

நடுவர் வந்தார். பந்தை மார்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். அது 'சளக்' என்று விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பந்து எழும்பாத தரையில் ஆட்டம் கிடையாது என்று அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"வந்த டீமோட கோச் என்ன சொன்னார் தெரியுமா? 'நீச்சல் போட்டின்னு முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்கு ஏத்த டிரஸ்ஸோட வந்திருப்போமே'ங்கறார். சிரிக்கறதா, அழறதா?"

விசில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த வடிகால் அடைச்சிருக்குன்னு நாலு வருஷமா ஸ்கூல் கமிட்டிக்கு எழுதிக்கிட்டிருக்கேன். இப்ப என்ன சொல்றாங்க? தண்ணியை மூடத் தெரியாதவங்களுக்கு வடிகால் எதுக்குன்னு. இனிமே நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எழுதறது?"

தலைமையாசிரியை கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எல்லாம் போகட்டும். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கறவங்க ரெண்டு பேர் வந்திருந்தாங்க. நம்ம கோல்கீப்பரைப் பாக்கறதுக்குன்னே! அங்க இடம் கெடச்சா அந்தப் பொண்ணுக்கு மேல்படிப்புக் கவலையே இல்லை. அவ அம்மா தையல் கம்பெனியில நின்னு நின்னு கால் வீங்கிக் கெடக்கறா. அந்தப் பொழைப்புல போய்த் தண்ணியை ஊத்திட்டீங்களே சார்?"

அவர் நிமிர்ந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க திரும்ப வருவாங்களா மேடம்?"

"வராங்களாம். காலைப் பிடிக்காத குறையாக் கேட்டுச் சரிக்கட்டியிருக்கேன்."

"அது போதுங்க."

"என்ன போதும்? உங்க கதையைக் கேளுங்க. அடுத்த ஆட்டத்தோட டீமை வேற ஆள்கிட்ட ஒப்படைக்கணுமாம். கமிட்டிக்கு இன்னிக்கே உங்க விளக்கம் போயாகணும்."

காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். தள்ளிய கை அப்படியே நின்றது. இந்த மனிதர் கோடு போடுகிற சுண்ணாம்பைக்கூட விடியற்காலையில் தானே கரைக்கிறவர்.

"உடம்பு சரியில்லைன்னு ஒரு வரி எழுதுங்க சார். பேசிப் பாக்கறேன்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்களே."

"மறந்துட்டேன்னாவது எழுதித் தொலைங்க!"

அவர் எழுதினார். 'வால்வை நான் மூடவில்லை. பொறுப்பு என்னுடையது.' கையெழுத்துப் போட்டார். சேற்றுத் தடம் பதித்தபடி வெளியே போனார்.

படித்துப் பார்த்த தலைமையாசிரியைக்கு ஆயாசமாக வந்தது. வயதாகிவிட்டது மனிதருக்கு. இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது? காகிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனபோது வாசலில் நிழல் தட்டியது.

கோல்கீப்பரின் அம்மா. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள். சேலை முழுக்க நூல் பிசிறு.

"லீவு லெட்டர் குடுக்க வந்தேன் மேடம். நாலு நாளாப் பாப்பா வரலையே."

"நாலு நாளாவா?" இறுதியாட்டத்து ஏற்பாட்டில் அதுகூட இவர் கவனத்துக்கு வரவில்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "காய்ச்சலா?"

அவள் தயங்கினாள். "காய்ச்சல்னுதான் எழுதியிருக்கு. ஆனா எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. திங்கக்கிழமை பிராக்டீஸ்ல கோல் கம்பத்துல தலையை மோதிட்டா. சார்தான் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினாரு. பயப்பட ஒண்ணுமில்லை, ஆனா பத்து நாளைக்குப் பந்து பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. வர வியாழனோட கெடு முடியுது."

"இதை ஏம்மா யாரும் எங்கிட்ட சொல்லலை?"

"தலையில அடின்னு பதிஞ்சா, பட்டியல்லேர்ந்து பேரை அடிச்சுடணுமாமே. இந்த வருஷம் பூரா எறங்க முடியாதாமே."

விதி அதுதான். தெரிந்திருந்தால் திங்கட்கிழமையே தன் கையாலேயே அந்தப் பெயரை அடித்திருப்போம் என்பதும் தலைமையாசிரியைக்குத் தெரியும்.

"அப்ப இன்னிக்கு ஆட்டம் நடந்திருந்தா?"

"எறங்கியிருப்பா மேடம். 'என் உசுரே போனாலும் வெள்ளிக்கிழமை எறங்குவேன்'னு ஒரே அழுகை. சோறு தண்ணி கெடையாது. செவ்வாய்க்கிழமை சார் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாரு. அப்பறந்தான் தட்டுல கையை வெச்சா."

"என்ன சொன்னார்?"

"'அழாதம்மா, வெள்ளிக்கிழமை மைதானம் பூரா தண்ணி நிக்கும்'னாரு."