காதில் பஞ்சு

"காதுல கீற பஞ்ச மொதல்ல எடுங்க சார். பாட்டு கேக்கத்தான வந்தீங்க?"

ஜெபகுமார் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான். புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் சவுண்டு சர்வீஸ் ஷெட்டில், ரிசப்ஷனில் ஆடுவதற்கு விரிக்கும் மரப்பலகைகளை வேலை மெனக்கெட்டு இறக்கிப் போட்டு, ஆளுயர பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸை இழுத்து வந்து, வந்தவர் கேட்டபடி பலகை மேலேயே ஏற்றி வைத்து, பாட்டைப் போட்டுக் காட்டினால், மனுஷன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறார். போதாக்குறைக்குச் செருப்பை வேறு கழற்றிவிட்டு, பலகை மேல் வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டு.

பன்னீர்செல்வம் ஒரு பக்கப் பஞ்சை மட்டும் லேசாக இழுத்தார். "அது இருக்கட்டும் தம்பி. மொத்தம் எவ்வளவு ஆகும்?"

கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்காரர். மகளுக்கு மாமல்லபுரத்தில் கல்யாணம்.

"அறுவதாயிரம். ஒர்ரூபா கொறைக்க மாட்டேன்."

"கோவளத்துல இருபதுதான் சொன்னாங்க."

வந்துவிட்டது. யார் வந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஒரு லேப்டாப், இரண்டு சின்ன பாக்ஸ், அவ்வளவை வைத்துக்கொண்டே ஊரிலிருக்கும் கல்யாணத்தையெல்லாம் அந்தக் கோவளத்து ஆள் அள்ளிக்கொண்டு போகிறான். இந்த ஆவணியில் ஜெபகுமாருக்கு ஒரு ஆர்டர்கூட நிலைக்கவில்லை. இதுவும் போனால் பேஸ் பாக்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

"அவன் பாக்ஸு ஒரு மணி நேரம் ஓடுனா கரகரன்னு இழுக்கும் சார். அங்கயும் இப்டித்தான் பஞ்ச வெச்சிகினு நின்னீங்களா?"

"ஆமா," என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூசாமல். "திருக்கழுக்குன்றத்துல ஒருத்தர்கிட்டயும்."

ஜெபகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது எந்த ஊர் மரியாதை? ஆனாலும் அடக்கிக்கொண்டான். "சரி, பாட்டு லிஸ்ட்டாவது குடுங்க. பொண்ணுக்கு இன்னா பாட்டு புடிக்கும்?"

"எந்தப் பாட்டா இருந்தாலும் சரி. ஆனா இந்தப் பெரிய பாக்ஸை இப்ப இருக்கிற மாதிரியே பலகை மேல வைக்கணும். அதுதான் முக்கியம்."

"கல்யாணத்துல பலகை மேலயா? மைக்கு ஊள வுடும் சார்."

"விட்டா விடட்டும்."

பதினாறு வருஷத் தொழில். ரிசப்ஷனில் குடித்துவிட்டு வந்து கன்சோல் மேல் சாம்பாரைக் கொட்டியவன் மேல்கூட இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

அப்பன்தான் இப்படியென்றால் மகளும் அப்படித்தான். வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் சங்கரியை, வந்ததும் "உள்ள வாம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். போனிலிருந்து தலையைத் தூக்க வேண்டுமே? டவுன்ஷிப் திமிர்.

"கெளம்புங்க சார். அந்தக் கோவளத்தானையே புடிச்சிக்கோங்க. காதுல பஞ்ச வெச்சிகினு கேக்கறவங்களுக்கு இன்னாத்துக்கு அறுவதாயிர ரூபா சவுண்டு? செல்போன்ல போட்டுக்கினு ஆடுங்க."

பன்னீர்செல்வத்துக்குக் கோபமே வரவில்லை. "கடைசியா ஒரே தடவை. முழு சவுண்டுல," என்று சொல்லிவிட்டுப் பஞ்சை மறுபடி அடைத்துக்கொண்டார்.

அந்தப் பஞ்சு தெறித்து விழட்டும் என்ற வெறியிலேயே ஜெபகுமார் பேஸைக் கடைசி வரை திருகினான். ஷெட்டின் தகரம் கடகடவென்று ஆடியது. பக்கத்துக் கருவாட்டுக் கடையிலிருந்து யாரோ திட்டினார்கள். பன்னீர்செல்வம் கண்ணை மூடியபடி நின்றார். பிறகு தலையை ஆட்டினார். விறுவிறுவென்று வெளியே போய், கார்க் கண்ணாடிக்கு முன்னால் கையை வீசி மகளை அழைத்து வந்தார்.

சங்கரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். அடுத்த கணம் அவளுடைய கால் தாளத்தைப் பிடித்தது. அப்புறம் அவளை யாரும் பிடிக்க முடியவில்லை. ஒரு அடிகூடத் தப்பாமல் ஆடினாள்.

ஜெபகுமாருக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டான். "இன்னாம்மா, சவுண்டு புடிச்சிகீதா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாருங்க சார். மனுசன் கேக்கறான், ஒரு வார்த்த பதில் சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?"

பன்னீர்செல்வம் மகளுக்கு எதிரே போய் நின்று, விரல்களால் காற்றில் ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே மார்பைத் தொட்டு, விரல்களாலேயே பதில் சொன்னாள்.

"கால்லேருந்து நெஞ்சு வரைக்கும் ஏறுதாம்," என்றார் அவர், இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டபடி. "பொறந்ததுலேருந்தே அவளுக்குக் காது கேக்காது தம்பி. அவ எப்படிக் கேப்பாளோ, அப்படித்தான் மூணு எடத்துலயும் கேட்டுப் பார்த்தேன்."