எடுக்க மறந்த குண்டூசி

மதிய இடைவேளைக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. ஸ்கேன் அறைக்குக் கடைசியாக அழைக்கப்பட்டவள் தையல்காரி. அடிவயிற்றில் தடவிய ஜெல் சில்லென்கிறது. இருட்டில் திரை மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்குகிறது. இரண்டாவது குழந்தைக்காக மூன்று வருடமாக அவள் விழுங்காத மாத்திரை இல்லை; ஸ்கேன் எடுப்பது இதுதான் முதல் தடவை. கால்மாட்டில் அவளுடைய அம்மா, மகளின் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரின் கை ஓரிடத்தில் நிற்கிறது. “காப்பர்-டி உள்ளேயே இருக்கேம்மா. இதை வெச்சுக்கிட்டு எப்படிக் கரு தங்கும்?” திரையில் குட்டையாக ஒரு வெள்ளைக் கோடு. தைத்து முடித்த துணியில் எடுக்க மறந்த குண்டூசி மாதிரி இருக்கிறது. “நான் அதெல்லாம் போட்டுக்கவே இல்லையே டாக்டர்.” “முதல் பிரசவம் முடிஞ்ச கையோட போட்டிருப்பாங்க. வீட்ல கேட்டுட்டுத்தான் போடுவாங்க.” டாக்டர் கருவியைத் துடைத்து வைக்கிறார். கைப்பையின் ஜிப் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. “நர்ஸ் வெளிய வந்து கேட்டாங்கடி,” என்கிறாள் அம்மா. “மாப்பிள்ளை என் மூஞ்சியப் பாத்தாரு. நான் தலையாட்டிட்டேன். நீ துவண்டு போய்க் கிடந்தே. அது கொஞ்ச நாள்ல தானா கரைஞ்சிடும்னு நெனச்சோம்.” துடைக்கக் கொடுத்த காகிதம் தையல்காரியின் கையில் கசங்குகிறது. ஜெல் இடுப்பில் வழிந்து விரிப்பில் இறங்குகிறது. திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நானும் அங்கதானேம்மா படுத்திருந்தேன். முழிச்சுத்தானே இருந்தேன். என்னை ஏன் யாரும் கேக்கல?”