ஒட்டகத்தின் முகவரி

அலுவலகத்தின் பழைய மின்னஞ்சல் சர்வரை நிறுவியவன் ஒட்டகம். ஆறடிக்கு மேல் வளர்ந்து நின்றவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டே, கூட வேலை பார்த்த அவளுக்கு, "டீ குடிக்க வரியா?" என்று மெயில் போடுவான். அவன் திடீரென்று இறந்துபோன பிறகு அந்தச் சர்வரைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவள் அவள்தான்.

இப்போது புதுச் சர்வர் வந்து இறங்கியிருந்தது.

"எல்லாரோடதையும் மாத்திடும்மா. அவன் அக்கவுண்ட் மட்டும் வேணாம். செத்தவனுக்கு யாரு மெயில் போடப் போறா?" என்றார் மேலாளர்.

அவள் அவன் கணக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றினாள். பழைய சர்வரை அணைத்து வயரையும் பிடுங்கினாள்.

இல்லாத முகவரிக்கு அனுப்பினால் மெயில் திரும்பி வருகிறதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. அவன் முகவரிக்கே அனுப்பினாள்.

"டீ குடிக்க வரியா?"

அது திரும்பி வரவில்லை. சற்று நேரத்தில் பதில்தான் வந்தது.

"இப்பதான் வந்து சேர்ந்தேன். இடம் நல்லா விசாலமா இருக்கு. நீ போய்க் குடிச்சிட்டு வா."

அவள் எழுந்து டீ குடிக்கப் போனாள். போகும்போது சர்வர் அறையின் விளக்கை மட்டும் அணைக்காமல் விட்டாள்.