உள்ளே இருப்பதைக் கேள்

ஸ்பீக்கரில் ஒரே ஒரு துடிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அது தாயுடையது.

கட்டிலில் படுத்திருந்த தாமரைச்செல்விக்கு ஆறாம் மாதம். மார்பில் ஒரு சென்சார், வயிற்றில் ஒரு சென்சார். இரண்டிலும் அவளுடைய இதயமே முழங்கியது. குழந்தையுடையது அதற்கடியில் எங்கோ அமுங்கிக் கிடந்தது.

போன கர்ப்பத்திலும் இப்படித்தான். ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். அதன்பிறகு கேட்கவே இல்லை.

அவள் யாரையும் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலருகே நாற்காலியில் டாக்டர். கணினி முன்னால் உமையாள். இந்தக் கருவியின் மென்பொருள் அவள் எழுதியது. முதலில் எழுதியது என்னவோ காய்ச்சல் பார்க்கும் கருவிக்காக. வந்த அளவிலிருந்து அறையின் சூட்டைக் கழிக்க ஒரே ஒரு வரி.

எண்ணை நேராகவே கழித்திருக்கலாம். அவள் மென்பொருளுக்குள்ளேயே ஒரு பெட்டி செய்து, எண்ணை அதில் வைத்தாள்.

பெட்டிக்குக் கணக்குத் தெரியாது. கழி என்றால், உள்ளே இருப்பதிடம் சொல்லும்: நீயே கழித்துக்கொள். விடையை வாங்கித் தரும். அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று அவள் எழுதவில்லை. கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் தெரிந்த எதுவும் இருக்கலாம்.

"ஒரு வேலையும் செய்யாத பெட்டிக்கு எதுக்குங்க இத்தனை மெனக்கெடல்?" என்று அன்றைக்குச் சிரித்தவர், கூட வேலை பார்க்கும் ஆரோக்கியதாஸ்.

இப்போது அவர்தான் பக்கத்தில் நின்றார். இதய ஒலிக்குக் கழித்தல் என்றால் என்ன என்பதை நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருந்தார். துடிப்போடு துடிப்பைப் பொருத்தி, பிறகு நீக்குவது. அப்படிக் கழிக்கத் தெரிந்த ஒலியைப் பெட்டிக்குள் வைத்தார்.

"உங்க வரியில நான் கையே வைக்கலைங்க. ஓட்டிப் பாருங்க."

ஓட்டினாள்.

வயிற்றின் ஒலி. அதிலிருந்து, தாயின் ஒலி.

ஸ்பீக்கர் அடங்கியது.

பிறகு சின்னதாக, வேகவேகமாக, யாரோ ஓடிவருகிற மாதிரி ஒரு சத்தம்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

உமையாள் திரையில் இருந்த வரியைத் திரும்பப் படித்தாள். அறையின் சூட்டுக்காக எழுதிய வரி. இதயம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. எழுதும்போது அவளும் நினைத்ததில்லை. ஓர் எழுத்துகூட மாறாத அந்த வரியின் வழியாக, இன்னும் பிறக்காத ஒன்று வந்துகொண்டிருந்தது.

தாமரைச்செல்வி அழவில்லை. வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு மெல்லக் கேட்டாள். "இதுல என்னோடது எங்கீங்க?"

"கழிச்சுட்டோம்ங்க," என்றாள் உமையாள். "இது குழந்தையோடது மட்டும்."

தாயின் கை வயிற்றுக்குப் போனது.

"திரும்பச் சேத்து வைங்களேன். அது தனியா ஓடுது."

உமையாள் தாஸைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டலும் எழுதியிருக்கிறாரா? அவர் தலையாட்டினார். அவர் கண்ணாடி பனித்திருந்தது.

புதிதாக ஒரு வரி எழுதினாள்.

குழந்தையுடையதைப் பெருக்கிச் சத்தமாக்கினாள்.

அதோடு தாயுடையதைக் கூட்டினாள். ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்து ஓடின.

டாக்டர் போய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.