இருபத்தொன்று

“காத்து போதும், ஏறு,” என்றார் என் கணவர், என் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு.

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அதில் தேடிப் பார்க்க ஒன்றுமில்லை. நான் தேடியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை. பழைய நகரத்துக்குள் சைக்கிளில் சுற்றிவரும் எங்கள் கூட்டத்தில் அன்று இருபத்திரண்டு பேர்.

முன்னால் பல் டாக்டர். ஒவ்வொரு பழைய கட்டிடத்தின் முன்பும் எங்களை நிறுத்தி, அதைக் கட்டியவர் யார், யாரோடு வீம்புக்காகக் கட்டினார் என்று சொல்லுவார். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூடமாட்டார் என்பது எங்கள் கேலி.

கடைசியில் என் கணவர். முப்பத்தொரு வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாக இருந்தவர். “எனக்கு முன்னாடி போய்ப் பழக்கமில்லப்பா” என்று சேர்ந்த நாளிலேயே பின்னால் போய் நின்றுகொண்டார்.

யாரும் வழிதவறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசியாக வந்து சேர்ந்து, தலைகளை எண்ணி, பிளாட்பாரத்துக்கே கேட்கும் குரலில் அறிவிப்பார்: “இருபத்தொண்ணு. சரி!”

தன்னை எண்ணமாட்டார். தனக்கு முன்னால் போகிறவற்றை மட்டுமே எண்ணிப் பழகியவர்.

அந்தக் குரல் கேட்டதும் டாக்டர் பேச ஆரம்பிப்பார். மற்றவர்கள் டீ வாங்கப் போவார்கள்.

அன்றும் தானியக் கிடங்கின் முன்னால் அந்தக் குரல் கேட்டது. டாக்டர் பேசினார். நாங்கள் டீ குடித்தோம்.

இருபது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு தெரு பின்னால், பூட்டியிருந்த பைண்டிங் கடையின் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இதயம் நின்றுபோயிருந்தது.

கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால்? ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

“சொல்ல முடியாதும்மா,” என்றார்கள்.

பதினொரு மாதம் அந்த ‘சொல்ல முடியாது’ என்னோடு ஒரே வீட்டில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி சைக்கிளை எடுத்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. ஒன்றைச் சொல்லிவிட்டு, அவர்கள் திட்டினால் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பிவிட.

கிடங்கின் முன்னால் நின்றோம். மூட்டை தூக்கிய இரும்புக் கொக்கிகள், கதவுகளின் மேல் பாதி அழிந்த எண்கள். எல்லோரும் என்னைப் பார்க்காமலிருக்க அவற்றையே பார்த்தார்கள்.

“அன்னைக்கு இங்க எண்ணினது அவர் இல்ல,” என்றேன். “நான்.”

அன்று அவர் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. எனக்கு டீ குடிக்க அவசரம். கூட்டத்தின் பின்னாலிருந்து, விளையாட்டாக, அவர் குரலிலேயே கத்தினேன். என்னையும் சேர்த்து எண்ணினேன், இருபத்தொன்று வந்தது. அவர் தன்னை விட்டுவிட்டு எண்ணுவார், அதுவும் இருபத்தொன்றுதான். அவர் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த எண் மாறியிருக்காது. எண் சரியாக இருந்ததால், அவரும் எங்கோ பக்கத்தில் நிற்கிறார் என்று நானே நம்பிவிட்டேன்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேனா, பாதியில் விட்டேனா, நினைவில்லை.

“தெரியும்க்கா,” என்றாள் எங்கள் கூட்டத்துப் பேக்கரிக்காரி. “உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா? கேட்டதும் நானும் ஒருதடவை எண்ணிப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு.”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். “நானும் எண்ணினேன்.”

“நானும்தான்,” என்றது பின்னால் ஒரு குரல். அப்புறம் இன்னொன்று.

நிஜமா, எனக்காகச் சொல்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

“நான் ரெண்டு தடவை எண்ணினேன்,” என்றார் தையல்காரர்.

பேக்கரிக்காரி திரும்பினாள். “அண்ணே, அன்னைக்கு நீங்க ஊர்லயே இல்ல. மச்சினி கல்யாணத்துக்குல்ல போயிருந்தீங்க?”

தையல்காரர் அசரவில்லை. “அங்கேருந்தே எண்ணினேன்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பதினொரு மாதமாக வராமலிருந்த மற்றதும் அதன் பின்னாலேயே வந்தது. யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. பேக்கரிக்காரி மட்டும் என் சைக்கிள் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தன் சைக்கிளில் ஏறிக்கொண்டு சொன்னார்: “எண்ணுங்கக்கா. கிளம்பணும்.”

விரல் நீட்டி எண்ணினேன். நடுவில் எண்ணிக்கை தப்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“பத்தொன்பது,” என்றேன், என் சொந்தக் குரலில். “என்னையும் சேர்த்து. இப்ப ஒவ்வொருத்தரா கையத் தூக்குங்க, பார்ப்போம்.”

பதினெட்டுப் பேரின் கைகள் எழுந்தன. தையல்காரர் இரண்டையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். வரிசை வலப்பக்கம் திரும்பியது. நான் அதன் கடைசியில் சேர்ந்துகொண்டேன். தையல்காரர் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார். இனிமேல் கடைசியில் இரண்டு பேராம். அவரே அந்த நிமிடம் போட்ட சட்டம்.

கிடங்குத் தெரு முடிகிற இடத்தில், முன்னால் டாக்டர் “பள்ளம்!” என்று கத்தினார். ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிச் சொல்ல, அது பின்னால் வந்துகொண்டிருந்தது. எங்களை வந்து சேர்வதற்குள் என் முன்சக்கரம் அதில் இறங்கி ஏறிவிட்டது.

பதினொரு மாதமாகியும் அந்தப் பள்ளத்தை இன்னும் யாரும் மூடவில்லை.