ஜன்னல் அம்மாவுக்கு ஒரு ஸ்டார்

எதிர்வீட்டு லோகேஷ் ஒரு வீடியோ கேம் செய்து விற்கிறான். காலியான நெசவு வீட்டில் சாவியைத் தேட வேண்டும், அவ்வளவுதான். தொண்ணூறு ரூபாய்க்கு அது போதும். ஆடியவர்கள் எழுதும் விமர்சனங்களை அவன் சத்தமாகப் படிப்பான். என் வீட்டு ஜன்னலில் நின்றால் தானாகக் காதில் விழும்.

நேற்று எல்லாரும் ஒரே குறையை எழுதியிருந்தார்கள். 'எதிர் ஜன்னலில் வெங்காயக் கலர் புடவையோடு ஒரு அம்மா நிற்கிறார். சாவி தறிக்குழிக்குள் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஒரு ஸ்டார்.'

என் புடவைதான். நேராகப் போய்க் கேட்டேன். "ஏம்பா, என்னைக் கேக்காமலே உள்ள வச்சிட்டியா?"

"நான் ஆளே வைக்கலக்கா. இப்படியே ஸ்டார் குறைஞ்சா எவனும் வாங்க மாட்டான்."

அவன் மனைவி அகிலா காபி தந்தாள். குடிக்கும்போதே புது விமர்சனம் வந்தது. 'இன்று ஜன்னலில் யாரும் இல்லை. நிம்மதி. ஐந்து ஸ்டார்.'

லோகேஷ் என்னையே பார்த்தான். "அக்கா, தினம் இங்கயே வந்து உட்காந்துக்கினு இருங்களேன்."

மரியாதையாகக் கூப்பிடுகிறானே என்று உட்கார்ந்தேன். அடுத்ததும் வந்தது.

'கூடத்தில் காபி குடிக்கிற அம்மா யார்? சர்க்கரை போதவில்லை என்கிறாரே.'

போதவில்லைதான். ஆனால் நான் அதை இன்னும் சொல்லவே இல்லை.